பாலோ ஸ்பெஷலின் இரண்டாவது இருக்கை

"பிளான் இருக்கா பாய்?" என்று ரூபேந்திரன் கேட்டான்.

"இல்ல."

"செஸி நம்பர், பழைய கிரான், ரிஜிஸ்டர் பேப்பர், எதாவது?"

"ஒண்ணும் இல்ல தம்பி."

"அப்ப என்னதான் இருக்கு?"

முஜிபுர் ரஹ்மான் மடியில் வைத்திருந்த துணிப்பையைத் திறந்து, கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். ஜொகூர் பாருவில், தம்போயில் இருக்கும் அவருடைய உணவகத்தின் கல்லாவுக்கு மேலே பல ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்த படம் அது. துடைத்துக் கொண்டுவந்திருந்தார். ஆனாலும் சட்டத்தின் மூலைகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது.

படத்தில் ஒரு பந்தயக் கார் பக்கவாட்டில் நின்றது. கூரை இல்லை. முகப்பு நீண்டு, வால் குட்டையாக, ஓட்டுநருக்கு முன்னால் மட்டும் கையகலக் கண்ணாடி. பின்சக்கரத்தை ஒட்டி, வெள்ளைச் சட்டை அணிந்த இளைஞன் ஒருவன் நின்றான். சட்டைப் பையில் திருப்புளி ஒன்று சொருகியிருந்தது.

"இது என்ன காடி? நான் பாத்ததே இல்லயே."

"உலகத்துலயே ஒண்ணுதான் இருந்துச்சு. பாலோ ஸ்பெஷல்னு பேரு. பாலோ பக்கத்துல எஸ்டேட் வொர்க்ஷாப்புல கட்டுனது. நிக்கிறது எங்க நானா, கபீர். அவருதான் கட்டுனாரு."

ரூபேந்திரன் படத்தை விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான். மூவாரில் ஆற்றங்கரையை ஒட்டி அவனுடைய பட்டறை இருந்தது. சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் தகடு அடிக்கும் வேலையில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்து, பழைய கார்களுக்கு உடல் கட்டிக் கொடுக்கும் தொழிலை ஆரம்பித்தவன். பினாங்கிலிருந்தும் பேங்காக்கிலிருந்தும்கூட ஆட்கள் வருவார்கள். அவர்கள் கேட்பது புத்தகத்தில் அளவு உள்ள கார்கள். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு கார் கேட்டு வந்தவர் இவர்தான்.

"பாய், இதுல ஒரு அளவு தெரிஞ்சா போதும். மத்தத நான் புடிச்சிருவேன். டயரு ரிம்மு என்ன சைஸ்?"

"தெரியாதே."

"பதினஞ்சு இஞ்சும் இருக்கும், பதிமூணும் இருக்கும். அந்தக் காலத்துல ரெண்டும் ஓடுச்சு." அவன் படத்தை இன்னொரு முறை பார்த்தான். "உங்க அண்ணன் என்ன உசரம்?"

முஜிபுர் யோசிக்கவே இல்லை. "ஆறடி."

"கரெக்டாத் தெரியுமா?"

"என்ன தம்பி, எங்க நானா எனக்குத் தெரியாதா? வாசல்ல குனிஞ்சுதான் வருவாரு."

ரூபேந்திரன் கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கி, விரலால் அளந்து, கணக்குப் போட்டான். "ஆறடின்னா ரிம்மு பதினஞ்சு இஞ்சு வருது. ஓகே லா. சரியா இருக்கு."

அப்படித்தான் வேலை ஆரம்பமானது.

*

அறுபதுகளில் ஜொகூர் பாருவின் கடலோரச் சாலையை அடைத்துக் கார்ப் பந்தயம் நடத்துவார்கள். ரப்பர்த் தோட்டங்களில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களில் சிலருக்கு அந்தப் பைத்தியம் இருந்தது. பாலோவுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் உதவி மேலாளராக இருந்த ஹார்டிங்காமுக்கும் இருந்தது. வாங்கக் காசில்லாததால் கட்ட முடிவு செய்தார். தோட்டத்து லாரிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த கபீருக்கு அப்போது இருபது வயது. பாலோ பட்டணத்தில் அவர்களுடைய அத்தா தேநீர்க்கடை வைத்திருந்தார்.

முஜிபுருக்கு எட்டு வயது. பள்ளி விட்டதும் சைக்கிளில் தோட்டத்துக்குப் போய்விடுவார். கொட்டகைக்குள் நானா தகடு தட்டும் சத்தம் தொலைவிலேயே கேட்கும். அந்தக் காரில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இன்னொரு இருக்கை இருந்தது. பந்தயத்தின்போது அதை ஒரு தகட்டால் மூடிவிடுவார்கள். மற்ற நாட்களில் திறந்திருக்கும். "பந்தயம் முடியட்டும், உன்ன உக்கார வச்சு பாலோவச் சுத்திக் காட்டுறேன்" என்று கபீர் சொல்லியிருந்தார். பந்தயம் முடிந்தது. பிறகு கியர்ப்பெட்டியில் ஒரு கோளாறு. பிறகு மழைக்காலம். அடுத்த ஆண்டு நவம்பரில் மக்காவ் பந்தயத்துக்குக் கார் கப்பலேறியபோது, கூடவே கபீரும் போனார். தகடு மூடியபடியேதான் அது லாரியில் ஏறியது.

மக்காவில் கார் சுவரில் மோதி நொறுங்கியது. யாருக்கும் அடி இல்லை. ஹார்டிங்காம் மட்டும் திரும்பி வந்து, தேநீர்க்கடையில் உட்கார்ந்து, கபீர் ஹாங்காங்கில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், எழுதுவான் என்றார். ஒரு பெருநாள் வாழ்த்து அட்டை வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை. அத்தா காத்திருந்து மௌத்தானார். உம்மாவும் அப்படியே. தொழில் நிலைத்த பிறகு முஜிபுர் ஹாங்காங் போய், கௌலூன் பள்ளிவாசலில் மூன்று ஜும்ஆக்கள் வாசலில் நின்று, கிடைத்த தமிழர்களிடம் அந்தப் படத்தைக் காட்டினார். ஒருவர் மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, காரைப் பற்றிக் கேட்டார்.

இப்போது அவருக்கு அறுபத்தாறு. இதய அடைப்புக்கு இரண்டு குழாய் வைத்தாயிற்று. கடையை மகள் ஷாஸியா பார்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். மருத்துவமனையிலிருந்து வந்த வாரத்தில் அவளிடம் சொன்னார்: "அந்தச் சீட்டுல ஒரு தடவ உக்காந்துட்டாப் போதும்."

"எந்தச் சீட்டு அத்தா?"

அவர் சுவரைக் காட்டினார்.

*

காருக்கு முதலில் மரத்தில் உருவம் அடிக்க வேண்டும். பலகைகளை விலா எலும்புகள் போல வெட்டி நிறுத்தி, அந்தக் கூட்டின்மேல் அலுமினியத் தகட்டை வைத்துப் பார்த்துப் பார்த்துத் தட்டி வளைப்பார்கள். மூவாரில் மரவேலைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. சாப்பாட்டு மேசையும் நாற்காலியும் செய்து கப்பலில் அனுப்பும் லிம் என்பவரின் தொழிற்சாலையில் மரக்கூடு தயாரானது. லிம் வளைவுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மெத்தை போட்டா நல்ல சோபா" என்று மலாயில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் முஜிபுர் வந்துவிடுவார். கையில் எப்போதும் பொட்டலம் இருக்கும்; பட்டறை ஆட்களுக்கு நெய்ச்சோறு, ரூபேந்திரனுக்கு மாட்டிறைச்சி இல்லாத தனிப் பொட்டலம். சட்டம் பற்றவைக்கப்படுவதையும், முகப்புத் தகடு மணல்மூட்டையின்மேல் அடி வாங்கிக் குழிவதையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். மரக்கூட்டுக்குள் இரண்டு இருக்கைகளுக்கான இடம் தெரிய ஆரம்பித்த நாளில், "ஏறிப் பாக்கலாமா?" என்று கேட்டார்.

ரூபேந்திரன் கைகொடுத்தான். முஜிபுர் தாராளமான உடம்புக்காரர். சாரத்தைச் சுருட்டிக்கொண்டு இடப்பக்க இருக்கைக்குள் இறங்கினார். கால் நீட்ட இடம் இருந்தது. தோளுக்கும் இடம் இருந்தது.

"எப்படி பாய்?"

அவர் வலப்பக்கம் திரும்பி, ஓட்டுநர் உட்கார வேண்டிய வெற்றிடத்தைச் சற்றுமேலே அண்ணாந்து பார்த்தார். உட்கார்ந்திருந்தாலும் ஆறடி மனிதரின் முகம் அங்கேதான் இருக்கும்.

ரூபேந்திரனுக்கு ஒரு உறுத்தல் இருந்தது. பாலோ ஸ்பெஷலில் இருந்தது ஃபோர்டு கார்ட்டினாவின் இன்ஜின் என்று முஜிபுர் உறுதியாகச் சொல்லியிருந்தார். அதே வகை இன்ஜினை குளுவாங்கில் தேடிப் பிடித்து, சட்டத்தில் இறக்கிப் பார்த்தபோது, சுற்றிலும் இடம் மிஞ்சியது.

"பாய், இன்ஜினு உள்ள தொலஞ்சு போன மாதிரி இருக்கு."

"பந்தயக் காடி தம்பி. சூடு போக எடம் வேணாமா?"

இருக்கலாம் என்று ரூபேந்திரன் வேலையைத் தொடர்ந்தான். காரைக் கேட்டு வந்தவர் தன் சொந்த அண்ணனைப் பற்றிச் சொல்கிறார். அதில் குறுக்கிட அவனுக்கு என்ன இருக்கிறது.

*

மஹ்மூதா அண்ணன் தம்பி இருவருக்கும் லாத்தா; அக்கா. கபீருக்கும் ஒரு வயது மூத்தவர். முஜிபுருக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே மெர்சிங்குக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டார். கணவர் தீவுகளுக்குப் படகு விட்டவர். எண்பதை நெருங்கும் வயதிலும் படகுத்துறைக்கு நடந்துபோய் மீன் பார்த்து வாங்குகிறவர். காரைப் பற்றி அவரிடம் முஜிபுர் மூச்சு விடவில்லை. உருவம் வந்தபிறகு காட்டி அசத்த வேண்டும் என்று வைத்திருந்தார்.

முகப்பும் ஒரு பக்கத் தகடும் முடிந்ததும் ஷாஸியா மெர்சிங் போய் அவரை அழைத்துவந்தாள். பட்டறைக்குள் நுழைந்த மஹ்மூதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பளபளக்கும் தகட்டின்முன் நின்றார். முஜிபுர் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அந்த வெள்ளக்காரன் காடியா?"

"ஆமா லாத்தா! நானா காடி!"

"அல்லாஹ்." காரை ஒரு சுற்று நடந்து வந்தார். ஓரத்தைத் தொட்டார். பிறகு ஓட்டுநர் இடத்தை எட்டிப் பார்த்தார். "ஏன்டா இவ்ளோ பெருசா இருக்கு?"

"பெருசா? அளவெடுத்து செஞ்சது லாத்தா. நானா உசரத்த வச்சுத்தான் தம்பி கணக்குப் போட்டாரு."

"என்ன உசரம் சொன்ன?"

"ஆறடி."

மஹ்மூதா தம்பியைப் பார்த்தார். விளையாடுகிறாரோ என்று ரூபேந்திரனையும் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். முக்காட்டு நுனியால் வாயைப் பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை.

"யாரு, நம்ம கபீரா? ஆறடியா? டேய், அவன் என் காது வரைக்கும்தான்டா இருந்தான்! ரெண்டு பேரும் நடந்து போனா, தம்பியக் கூட்டிட்டுப் போறியான்னு கேப்பாங்க. அதுக்காவே என்கூட வர மாட்டான்."

"லாத்தா, உங்களுக்கு மறந்து போச்சு."

"எனக்கா? உம்மா பெருநாளுக்குச் சட்ட தைக்கும்போது அவன் துணியில மிஞ்சறதுலதான் உனக்குத் தச்சாங்க. ஆறடி ஆளு துணியில எங்கருந்துடா மிஞ்சும்?"

"வாசல்ல குனிஞ்சு வருவாரு. நான் பாத்திருக்கேன்."

"எந்த வாசல்ல? தோட்டத்துக் கொட்டகையிலயா? அங்க நான்கூட முட்டிப்பேன்."

ரூபேந்திரனின் ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். முஜிபுரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். மஹ்மூதாவும் அப்போதுதான் கவனித்தார்.

"கோவமாடா?"

"இல்ல. கெளம்புவோம். உங்களுக்கு ரொம்ப தூரம்."

திரும்பும் வழியில் கார் ஆயர் ஈத்தாமைத் தாண்டியது. மஹ்மூதா பின்னால் தூங்கிவிட்டார் என்று உறுதிசெய்துகொண்டு முஜிபுர் மகளிடம் சொன்னார்:

"மாமிக்கு வயசாச்சு. பாவம்."

ஷாஸியா சாலையைப் பார்த்தபடியே ஓட்டினாள்.

*

மறுநாள் ரூபேந்திரன் தொலைபேசியில் அழைத்தான்.

"பாய், கோச்சுக்காதீங்க. நேத்து அம்மா சொன்னதக் கேட்டு ஒரு தடவ திருப்பிக் கணக்குப் போட்டுப் பாத்தேன். ரிம்மு பதிமூணுன்னு வச்சா, உங்க அண்ணன் அஞ்சடி ரெண்டர வராரு."

"அவரு குள்ளமா?"

"காடியச் சொல்றேன் பாய். நம்ம கணக்குல சக்கரத்துக்குச் சக்கரம் நூத்திமூணு இஞ்சுச் சில்லறை வந்துச்சில்ல? இப்ப சுத்தமா ஏழர அடி. மொத்த நீளம் பன்னெண்டு அடி. கையால கட்டுறவன் முழு அளவுலதான் கட்டுவான். இன்ஜினும் கரெக்டா உக்காரும். இதான் அந்தக் காடி பாய். நம்ம செஞ்சது சாலா, தப்பு."

கடையில் மதிய நேரத்துத் தட்டுகளின் சத்தம் அவன் காதுவரை கேட்டது.

"இன்னொன்னும் சொல்லணும்" என்றான் ரூபேந்திரன். "சின்ன அளவுல செஞ்சா நீங்க உள்ள உக்கார முடியாது. அந்த ரெண்டாவது சீட்டு பந்தய ரூலுக்காக வச்சது. இடுப்புக்கு ஒரு அடிக்கு மேல கொஞ்சந்தான் இருக்கும். ஓட்டுற சீட்டுலயும் நீங்க எறங்க மாட்டீங்க. இப்ப இருக்கறத முடிச்சுக் கொடுத்தா சொகுசா உக்காரலாம். பாக்கறவனுக்கு வித்தியாசம் தெரியாது. உங்க இஷ்டம்."

"இப்ப இருக்கறதே இருக்கட்டும்."

"ஓகே பாய்."

"நானா ஆறடிதான் தம்பி."

"ஓகே லா பாய்."

அந்த ஞாயிறு அவர் மூவாருக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. கல்லாவில் உட்கார்ந்து மேலே இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்ந்த காரின் பக்கத்தில் நிற்கும் எவரும் உயரமாகத்தான் தெரிவார்கள். காரின் முதுகு இடுப்புக்கு வருகிறது. காரை நீக்கிவிட்டால் அந்த ஆள் எவ்வளவு உயரம் என்று சொல்ல எதுவுமில்லை. மீசை அரும்பிய, ஒல்லியான ஒரு பையன். முஜிபுரின் கடைசி மகனைவிடச் சின்னப் பையன்.

ஹாங்காங்கில் பள்ளிவாசல் வாசலில் நின்ற நாட்கள் நினைவுக்கு வந்தன. தூரத்தில் வரும் கூட்டத்தில் உயரமான ஆட்களைத்தான் அவர் பார்த்தார். வயதான உயரமான ஆள் வந்தால் முன்னால் ஓடினார். குள்ளமானவர்கள் தாமாகவே பக்கத்தில் வந்து நின்றால்தான் படத்தை நீட்டினார். எத்தனை பேரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விட்டிருப்பார் என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

"லாத்தா சொன்னது பொய்னா" என்று அன்று சாயங்காலம் ஷாஸியாவிடம் கேட்டார், "அவுங்க ஏன் பொய் சொல்லணும்?"

"மாமி பொய் சொல்லலயே அத்தா."

"அப்ப நான் சொல்றேனா?"

"நீங்களும் சொல்லல."

*

கடையில் ரொட்டி வீசுகிறவன் பெயர் முத்தலிபு. ராமநாதபுரத்துக்காரன்; முதலாளியை இங்குள்ளவர்கள்போலத் 'தவுக்கே' என்பான். காலைக் கூட்டம் குறைந்து, அவன் கல்லைத் துடைத்துவிட்டு கல்லாப் பக்கம் தேநீர் குடிக்க வந்தபோது, முஜிபுர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ என்னடா உசரம்?"

"அஞ்சு ரெண்டு, அஞ்சு மூணு இருக்கும் தவுக்கே. ஏன், உசரம் பத்தலன்னு டிஸ்மிஸ்ஸா?"

"பேனா வச்சிருக்கியா?"

"கணக்கு எழுதுற பேனா இருக்கு."

"பையில சொருகு. இங்க வந்து நில்லு. நேரா நில்லுடா."

அவன் கல்லாவுக்குப் பின்னால் வந்து நேராக நின்றான். முஜிபுர் மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, தரையில் முழங்காலிட்டார். எட்டு வயதுப் பையன் ஒருவன் நின்றால் வருகிற உயரம் அது. முத்தலிபு பதறிப் பின்வாங்கினான்.

"தவுக்கே! என்ன செய்யறீங்க? ஆளுங்க பாக்குறாங்க!"

"அசையாத."

அவர் முழங்காலிலேயே ஓரடி முன்னால் நகர்ந்து, நெற்றியை அவன் சட்டைமேல் வைத்தார். பேனாவின் மூடி நெற்றியில், வலப் புருவத்துக்கு மேலே குத்தியது.

கொட்டகையில் தினமும் நடந்தது அது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய் நானாவின்மேல் மோதுவார். ஒவ்வொரு தடவையும் சட்டைப் பையிலிருந்த திருப்புளியின் பிடி அந்த இடத்தில்தான் குத்தும். "கண்ணு போயிரும்டா!" என்று கபீர் சிரித்துக்கொண்டே தள்ளிவிடுவார். ஒருமுறை வீங்கியேவிட்டது. உம்மா மஞ்சள் பற்றுப் போட்டார். ஆறடி மனிதரின் சட்டைப்பை இன்னும் முக்கால் அடி மேலே இருக்கும். அந்தத் திருப்புளி அவருடைய தலைமுடியைக்கூடத் தொட்டிருக்காது.

"தவுக்கே, நெஞ்சு வலிக்குதா? ஷாஸியாக்காவக் கூப்புடவா?"

"வேணாம்."

"எந்திரிங்க தவுக்கே. எனக்குக் கூச்சமா இருக்கு."

ரொட்டிக்குக் காத்திருந்த ஒரு சீனக் கிழவர் பத்திரிகையைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு மறுபடியும் உயர்த்திக்கொண்டார். முஜிபுர் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். முத்தலிபுவின் சட்டையில் மாவும் மார்கரின் வாசமும் அடித்தன. அந்தக் காலத்துச் சட்டையில் பந்தயக் கார்களுக்கு ஊற்றும் விளக்கெண்ணெய் வாசம் இருக்கும்.

அன்று பிற்பகலே மூவாருக்குப் போனார்.

"சின்னதாவே செய்யுங்க தம்பி."

ரூபேந்திரன் கையுறையைக் கழற்றினான். "பாய், நல்லா யோசிச்சீங்களா? மரக்கூடு மொதல்லருந்து. தகடெல்லாம் வேஸ்ட்டு. அதுவும் பரவால்ல. நீங்க உக்காரணும்னுதான இத்தன நாளா வந்தீங்க."

"ஆமா."

"சின்னதுல அது நடக்காது. எளச்சாலும் நடக்காது."

"இந்தப் பெரிய காடியில நான் உக்காந்தா, பக்கத்துல யாரு தம்பி உக்காருவா?" என்றார் முஜிபுர். "அப்படி ஒரு ஆளே இல்ல."

ரூபேந்திரன் திரும்பி மரக்கூட்டைப் பார்த்தான். பிறகு தன் ஆட்களைக் கூப்பிட்டு, ஆணிகளைப் பிடுங்கச் சொன்னான்.

*

இரண்டாவது கார் முடிய, அடுத்த மழைக்காலமும் கழிந்துவிட்டது. வண்ணம் பூச வேண்டாம் என்று முஜிபுர் சொல்லிவிட்டதால் வெறும் அலுமினியமாகவே நின்றது. வெளியே இழுத்து நிறுத்தியபோது அது எவ்வளவு சிறியது என்று எல்லாரும் வியந்தார்கள். கையில் எடுத்துக்கொண்டு போய்விடலாம் போலிருந்தது. லிம் வந்து பார்த்து, இந்த முறை சோபா என்று சொல்லவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு தடவை சுற்றி வந்தார்.

ரூபேந்திரன் நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தான்.

"நான் பாத்திஹா ஓதிட்டேன் தம்பி."

"ரெண்டும் இருக்கட்டும் பாய். ரோட்டுல எது வரும்னு யாருக்குத் தெரியும்?"

முஜிபுர் ஏற முயன்று பார்க்காமல் இல்லை. ரூபேந்திரன் ஒரு தோளையும் ஷாஸியா ஒரு தோளையும் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கால் உள்ளே போனது. இடுப்பு போகவில்லை. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். வயிற்றை எக்கிப் பார்த்தார். ஆட்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். கடைசியில் அவரே சிரித்துவிட்டு, காலை வெளியே எடுத்தார். சிரிப்பு முடிந்ததும் தகட்டின்மேல் கைவைத்து, அந்த இரண்டாவது இருக்கையை உற்றுப் பார்த்தார். கறுப்புத் தோல் தைத்த, நாற்காலி மெத்தையைவிடச் சிறிய இடம். ஒரு பையன் முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்காரலாம்.

"தள்ளுடா" என்றார் மஹ்மூதா.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஷாஸியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஓட்டுநர் பக்கத்தில் ஒரு காலை உள்ளே வைத்தார். "மாமி, விழுந்திருவீங்க!" என்று ஷாஸியா கத்தினாள். படகில் ஏறி இறங்கிய கால். இருக்கைமேல் நின்று, பின் சறுக்கி உள்ளே இறங்கி, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார்.

ஒரு காலத்தில் தம்பி கபீரைக் காது வரைக்கும் வைத்துப் பார்த்தவர், வயது குறுக்கியதில் இப்போது ஏறக்குறைய அவனுடைய உயரத்துக்கு வந்திருந்தார். கையகலக் கண்ணாடிக்கு மேலே அவருடைய கண்கள் மட்டும் தெரிந்தன. வெள்ளை முக்காட்டுக்குள் தலை சிறியதாக இருந்தது. தோள் தகட்டின் விளிம்புக்குச் சரியாக வந்தது. முழங்கையை வெளியே வைக்க அங்கே ஒரு வளைவு இருந்தது. மஹ்மூதாவின் முழங்கை தானாக அதில் போய் உட்கார்ந்தது.

முஜிபுர் இரண்டாவது இருக்கையின் பக்கம் நின்றுகொண்டிருந்தார். இங்கிருந்து பார்த்தால் நானா எப்படித் தெரிந்திருப்பார் என்று அறுபது வருடமாக நினைத்து வந்தது வேறு. தலையைத் தூக்க வேண்டியதே இல்லை. உள்ளே உட்கார்ந்த பையனுக்கு அந்த முகம் பக்கத்திலேயே, கிட்டத்தட்டத் தன் முகத்துக்கு நேராகவே இருந்திருக்கும்.

"இன்ஜினப் போடுப்பா, சத்தம் கேப்போம்" என்றார் மஹ்மூதா.

ரூபேந்திரன் குனிந்து பொத்தானை அழுத்தினான். முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. ஆற்றங்கரைப் புறாக்கள் எழுந்து பறந்தன. கார் முழுவதும் அதிர்ந்தது. மஹ்மூதாவின் முக்காடு நழுவி, வெள்ளை முடி வெளியே வந்தது. அவர் அதைச் சரிசெய்யவில்லை. இடப்பக்கம் திரும்பி, முஜிபுர் நின்ற உயரத்தைவிடத் தாழ்வாக, இருக்கை இருந்த இடத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். சத்தத்தில் கேட்கவில்லை.

சிறிது நேரம் கழித்து, அணைத்துவிடலாமா என்று ரூபேந்திரன் கையால் கேட்டான். வேண்டாம் என்று முஜிபுர் தலையசைத்தார்.